சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையை உருவாக்கிய ஹெலன் ஃப்ரீ யார்? அது எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க வேதியியலாளர். 1923இல் பிறந்தவர். லத்தீன், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஆக நினைத்தவர், போர்க்காலத்தில் வேதியியலுக்கு மாறினார். அப்புறம் இந்தியானாவின் எல்கார்ட்டில் மைல்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். கணவர் ஆல்ஃபிரட் ஃப்ரீயும் அங்கேதான் ஆய்வாளர்.

ஒரு காலத்தில் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, ரசாயனம் சேர்த்துச் சூடாக்க வேண்டும். மற்றச் சில பொருள்களும் அதில் நிறம் காட்டிவிடும். இந்தத் தம்பதியின் குழு 1956இல் கொண்டுவந்த 'கிளினிஸ்டிக்ஸ்' பட்டையை நனைத்தால் போதும். அதிலுள்ள ஒரு நொதி (என்சைம்) குளுக்கோஸை மட்டும் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். இன்னொரு நொதி அந்தப் பெராக்சைடைக் கொண்டு சாயத்தை நிறம் மாற்றும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதுபோலக் கண்ணாலேயே தெரிந்துவிடும். நோயாளி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

ஹெலன் 1993இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

பட்டை நிறம் மாறவில்லை என்றால் சர்க்கரை நோய் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, ரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும், எனவே ரத்தப் பரிசோதனை அவசியம்.