மிஞ்சிய செங்கல்லில் பீட்சா அடுப்பு கட்டலாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது. விறகில் எரியும் பீட்சா அடுப்பு ஒன்றைச் செங்கல்லால் கட்ட ஆசை. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் இருநூறு வரை கிடக்கிறது. அதுவே போதும், சிமெண்ட் கலவையில் கட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். ஃபயர் பிரிக், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் தனிச் செங்கல் இல்லாமல் கட்டினால் வெடித்துவிடும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி? எந்த அளவில், எப்படிக் கட்டுவது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. அடுப்பின் வளைந்த மேற்கூரையான குவிமாடத்துக்கு உங்கள் செங்கல்லைப் பயன்படுத்தலாம். பீட்சா வைக்கும் தளத்துக்குக் கூடாது. நெருப்பு நேராகப் படும் இடத்தில் வெறும் சிமெண்ட் கலவை கூடவே கூடாது. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றுதான் இந்த அடுப்பு உழைக்குமா உழைக்காதா என்பதை முடிவு செய்யும். அது வெப்பக்காப்பு, அதாவது இன்சுலேஷன். கையில் இருக்கும் பணம் குறைவென்றால் கல்லில் சிக்கனம் பிடியுங்கள், வெப்பக்காப்பில் பிடிக்காதீர்கள்.

காரணம் இதுதான். பீட்சா அடுப்பில் நெருப்பு மட்டும் சமைப்பதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரம் எரிந்த நெருப்பின் சூட்டைக் கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்லத் திருப்பித் தருகிறது. தளத்தின் சூடு கீழிருந்து மாவை வேகவைக்கிறது, குவிமாடத்தின் சூடும் அதன் அடியில் புரண்டு வரும் தீநாக்கும் மேலிருந்து வேகவைக்கின்றன. தளக்கல்லை நேரடியாகக் கான்கிரீட் மேல் பதித்துவிட்டால், அது வாங்கிய சூட்டையெல்லாம் கான்கிரீட் இழுத்துக்கொள்ளும். இப்படிக் கட்டிய அடுப்பை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். முதல் பீட்சா நன்றாக வரும். மூன்றாவது, நான்காவதில் மேலே கருகியிருக்கும், அடிப்பகுதி வெளுத்துப் பச்சையாக இருக்கும். எவ்வளவு விறகு போட்டாலும் இது தீராது. தளத்தைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். மேலே போர்த்தாத வெப்பக்காப்பைப் பிறகு கூடப் போர்த்திக்கொள்ளலாம், தளத்துக்கு அடியில் விட்டதைப் பிறகு வைக்கவே முடியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தளத்துக்கு அடியில் சூட்டைக் கடத்தாத கால்சியம் சிலிகேட் பலகையை 50 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் வையுங்கள், 75 இருந்தால் இன்னும் நல்லது. பலகை கிடைக்காவிட்டால் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்ற எடை குறைந்த கனிமத் துகள் 5 பங்குக்குச் சிமெண்ட் 1 பங்கு கலந்து 100 மி.மீ. கனத்துக்குப் போடலாம். இந்த இடத்தில் சிமெண்ட் வரலாம், ஏனென்றால் நெருப்பு நேராகப் படாது. குவிமாடத்தின் மேல் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வையை மூன்று சுற்று போர்த்துங்கள். இதே போர்வையைத் தளத்துக்கு அடியில் வைக்கும் யோசனை வேண்டாம். எடை ஏறினால் அமுங்கிவிடும், தளம் இறங்கும்.

இனி கல். ஃபயர் பிரிக் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கும். பீட்சா அடுப்பு சாதாரணமாக 400 முதல் 500 டிகிரி வரைதான் போகும். நன்கு வெந்த செங்கல்லே சூளையில் 900 டிகிரியைத் தாண்டி வந்ததுதான். எனவே வெறும் சூடு செங்கல்லை ஒன்றும் செய்யாது. திடீர் சூடும் திடீர்க் குளிர்ச்சியும்தான் அதைச் சிதைக்கும். தளத்தில் ஒரு பக்கம் தணல் கிடக்கும், இன்னொரு பக்கம் ஈரமான மாவு வந்து விழும், பீட்சாவை வைத்து எடுக்கும் இரும்புத் துடுப்பு இழுபடும். சாதாரணச் செங்கல் இதில் பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த துகள் பீட்சாவின் அடியில் ஒட்டிக்கொள்ளும். குவிமாடத்துக்கு இந்தத் தொல்லைகள் குறைவு.

உங்களிடம் இருக்கும் செங்கல்லில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்தது. மந்தமாகக் கேட்டால் ஒதுக்கிவிடுங்கள். ஓட்டை உள்ள கல், சிமெண்ட் கல், சாம்பல் கல் எதுவும் நெருப்புக்குப் பக்கத்தில் வரக்கூடாது. அவற்றை அடுப்பைத் தாங்கும் மேடைக்குப் பயன்படுத்தலாம். நண்பர் சொன்ன வெடிப்பு ஆற்றுக்கல்லுக்குத்தான் அதிகம் பொருந்தும். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லையே பிளந்துகொண்டு வரும்.

தளத்துக்கு ஃபயர் பிரிக் வாங்கும்போது மிக உயர்ந்த ரகம் வேண்டும் என்று தேடாதீர்கள். அலுமினா மிகுந்த கல் சூட்டை வேகமாகக் கடத்தும், மாவின் அடி சட்டென்று கருகும். 30 முதல் 40 சதவீத அலுமினா உள்ள சாதாரண ஃபயர் பிரிக்கே இந்த வேலைக்கு ஏற்றது. எடை குறைந்து பஞ்சு போலிருக்கும் இன்சுலேட்டிங் பிரிக் வேறு வகை. அது தளத்துக்கு ஆகாது.

கலவை விஷயத்தில் கொத்தனாரோடு நீங்கள் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு 400 டிகிரியைத் தாண்டியதும் சிதையத் தொடங்கும். அடுப்பு ஆறியபின் காற்றின் ஈரத்தை அது மறுபடி குடித்து உப்பும். இப்படிச் சில முறை நடந்தால் இணைப்புகள் பொடிப்பொடியாகக் கொட்டும். கால்சியம் அலுமினேட் சிமெண்ட் கலந்த, தண்ணீரில் இறுகும் ரிஃப்ராக்டரி மார்ட்டர், அதாவது சூடு தாங்கும் கலவைதான் முதல் தேர்வு. பையில் ‘ஹீட் செட்டிங்’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அது 1000 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் கெட்டியாகும், உங்கள் அடுப்பு ஒருநாளும் அங்கே போகாது. ரிஃப்ராக்டரி மார்ட்டர் கட்டுப்படியாகாவிட்டால் அடுப்பு கட்டுபவர்கள் கையாளும் பழக்கமான கலவை ஒன்று இருக்கிறது. மணல் 3 பங்கு, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே என்ற சூடு தாங்கும் களிமண் 1. இதில் சிமெண்ட் தொடக்கத்தில் கல்லைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டும்தான். அது தளர்ந்த பிறகு சுண்ணாம்பும் களிமண்ணும் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

அளவைப் பொறுத்தவரை, உள்விட்டம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தணலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு ஒரே நேரத்தில் இரண்டு பீட்சா வைக்கலாம். அரைக்கோளமாகக் கட்டினால் நடு உயரம் 45 செ.மீ. வரும். வாயின் உயரம் அதில் சுமார் 63 சதவீதம், அதாவது 28 செ.மீ. இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். அடுப்பு மூச்சு விடுவது இந்த ஒரே வாய் வழியாகத்தான். குளிர்ந்த காற்று கீழ்ப்பாதியில் நுழையும், புகை மேல்பாதியில் வெளியேறும். வாய் உயர்ந்தால் சூடு கொட்டிப்போகும், தாழ்ந்தால் நெருப்பு திணறும். அகலம் 45 செ.மீ. போதும். புகைபோக்கியைக் குவிமாடத்தின் உச்சியில் வைக்கத் தோன்றும், அப்படி வைத்தால் சூடு நேராக மேலே போய்விடும். வாய்க்கு வெளியே, அதன் முன்வளைவின் மேல்தான் அது வர வேண்டும். இந்த அளவு அடுப்புக்கு 15 செ.மீ. விட்டமுள்ள குழாய் போதும்.

அடுப்பின் எடையைக் குறைத்து எண்ணாதீர்கள். மேடையைச் சேர்க்காமலே பல நூறு கிலோ வரும். மண்ணைத் தோண்டிக் கெட்டித்து, 100 முதல் 150 மி.மீ. கனத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுங்கள். அதன்மேல் மேடைச் சுவர், அதன்மேல் கம்பி போட்ட இன்னொரு கான்கிரீட் ஸ்லாப். தளம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் குனியாமல் உள்ளே பார்க்கலாம். வீட்டுச் சுவர், வேலி, மரக்கிளை ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி விதி இருக்கலாம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தளக்கல்லைக் கலவை இல்லாமல் பதியுங்கள். மெல்லிய மணலும் ஃபயர் கிளேயும் கலந்த பொடியைப் பலகைமேல் பரப்பி, ரசமட்டம் பார்த்து, கல்லோடு கல் ஒட்டி அடுக்கினால் போதும். வரிசையை வாய்க்கு 45 டிகிரி சாய்வாக வைத்தால் துடுப்பு கல்லின் விளிம்பில் இடறாது. குவிமாடத்தின் முதல் வரிசை தளத்தின்மேல் ஏறி உட்காராமல் அதைச் சுற்றி வரட்டும். சில மி.மீ. இடைவெளியும் விடுங்கள், நாளடைவில் சாம்பலே அதை அடைத்துவிடும். தளம் விரிய இடமும் கிடைக்கும், பின்னால் ஒரு கல் உடைந்தால் பெயர்த்து மாற்றவும் முடியும்.

குவிமாடத்துக்குக் கல்லைப் பாதியாக வெட்டிப் பயன்படுத்துங்கள். வெட்டிய முகம் வெளியே, முழு முகம் உள்ளே. சுவர் கனம் 11 செ.மீ. வரும், வீட்டு அடுப்புக்கு அதுவே அளவு. இன்னும் கனமாகக் கட்டினால் சூடேற்றவே பாதி நாளும் ஒரு கட்டு விறகும் போகும். தளத்தின் நடுவில் ஒரு முளையை நிறுத்தி, அதில் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய 45 செ.மீ. நீளக் கோலைப் பூட்டிக்கொள்ளுங்கள். கோலின் முனை தொடும் இடத்தில்தான் ஒவ்வொரு கல்லின் உள்முகமும் நிற்க வேண்டும். உள்விளிம்புகள் கல்லோடு கல் நெருங்கியிருக்கட்டும், கலவை வெளிப்பக்கம் விரியும் ஆப்பு வடிவ இடைவெளியில் போகட்டும். மேல் வரிசைகளில் கல் சரியத் தொடங்கும்போது உள்ளிருந்து முட்டுக் கொடுங்கள். கல்லின் பக்கங்களையும் சரிவாகச் சீவ வேண்டிவரும். 90 செ.மீ. அடுப்பின் குவிமாடத்துக்கும் வாய் வளைவுக்குமாகச் சேதாரம் போக 120 கல் வரை பிடிக்கும். எனவே உங்கள் இருநூறில் நல்ல கல்லாகப் பொறுக்கியே கட்டிவிடலாம். தளத்துக்கும் வாய்ப்படிக்கும் 35 முதல் 40 ஃபயர் பிரிக் வாங்கினால் போதும்.

கல் வெட்டும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கி நிரந்தரக் கேடு செய்யும். தண்ணீர் விட்டு வெட்டுங்கள். துணி கட்டிக்கொள்வது போதாது, தூசு வடிகட்டும் முகக்கவசமே வேண்டும். செராமிக் ஃபைபரைக் கையாளும்போதும் அப்படியே, கையுறையும் சேர்த்து.

குவிமாடத்துக்குள் இரும்புச் சட்டமோ கம்பியோ புதைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 400 டிகிரியில் ஒரு மீட்டர் செங்கல் 2 மி.மீ. அளவுக்கு நீளும், இரும்பு 5 மி.மீ. நீளும். இரண்டையும் கட்டிப்போட்டால் கல்தான் உடையும். குவிமாடத்துக்கும் வெளிமுகப்பு வளைவுக்கும் நடுவில் சிறிய இடைவெளி விட்டுச் செராமிக் ஃபைபர் கயிற்றால் அடைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இவ்வளவும் செய்தபிறகும் மயிரிழை விரிசல்கள் வரும். அவை பயப்பட வேண்டியவை அல்ல. ஒரு காசு நுழையும் அளவு அகன்றால் மட்டும் கவனியுங்கள்.

கட்டி முடித்ததும் அன்றைக்கே பற்றவைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு வாரமாவது பொறுங்கள். முதல் சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். அதன்பின் முதல் நாள் உள்சூடு 100 டிகிரியைத் தாண்டாதபடி சின்ன நெருப்பு, மூன்று நான்கு மணி நேரம். மறுநாள் 150. அடுத்தடுத்த நாள்களில் 50 டிகிரி வீதம் ஏற்றி 350 வரை கொண்டு போங்கள். கல்லிலும் கலவையிலும் ஊறியிருக்கும் தண்ணீர் மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் நீராவி தன் வழியைத் தானே உடைத்துக்கொள்ளும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இந்த வாரம் முழுக்கவும், பிறகு பீட்சா போடும்போதும் கைகொடுக்கும். வெளிப்பூச்சை இந்த நெருப்புகளுக்குப் பிறகு பூசுங்கள்.

பூச்சோடு நின்றுவிடாமல் மேலே ஒரு கூரையும் போட்டுவிடுங்கள். நனைந்த வெப்பக்காப்பு வெப்பக்காப்பே அல்ல. தண்ணீர் வற்றும்வரை அடுப்பு 100 டிகிரியிலேயே இழுபடும். மழையில் நனைந்திருந்தாலோ பல வாரம் பற்றவைக்காமல் விட்டிருந்தாலோ, பீட்சா போடும் நாளுக்கு முந்தின நாள் சின்ன நெருப்பில் உலர்த்திவிட்டு மறுநாள் முழு நெருப்பு வையுங்கள். விறகு நன்கு காய்ந்த கெட்டி மரமாக இருக்கட்டும். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், மருந்தூட்டிய பலகை ஆகியவற்றின் புகை நஞ்சு, அது நேராக உணவில்தான் படியும்.

நெருப்பு வைத்ததும் குவிமாடத்தின் உட்புறம் கரி படிந்து கறுக்கும். சூடு ஏறி 350 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் கரி எரிந்துபோய்க் கல் வெளுக்கும். உச்சியில் தொடங்கி வெளுப்பு பக்கவாட்டில் இறங்கிவந்ததும் தணலை ஒருபுறம் தள்ளி, தளத்தைத் துடைத்து, சூட்டை அளந்து பாருங்கள். 380 முதல் 420 டிகிரிக்குள் இருந்தால் மெல்லிய பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும்.