சோறு போய்ச் சேராத போர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் துரோலாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் நாலைந்து பேர் சிலிம் ரிவரில் ஓர் ஒட்டுக்கடையில் கூடுவது வழக்கம். போன வாரம் பேச்சு எப்படியோ போர்களின் பக்கம் திரும்பிவிட்டது. சரித்திரத்திலேயே சிப்பாய்களுக்கு மிகக் கொடுமையான போர் எது என்று ஒரே வாக்குவாதம். ஒருவர் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் என்றார். இன்னொருவர் ஸ்டாலின்கிராட் என்றார். மூன்றாமவர் வியட்நாம்தான் என்று பிடித்த பிடியை விடவில்லை. நான் நம் ஊரில் ஜப்பானியரோடு நடந்த சண்டையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மலாயா சண்டையா? 55 நாள்ல வெள்ளைக்காரன் ஜொகூர் பாலத்தைத் தாண்டி ஓடிட்டான். அதுல என்னய்யா கொடுமை?" என்றார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்தச் சண்டையின் அடையாளம் எதையாவது இன்று போய்ப் பார்க்க முடியுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நல்ல கேள்விதான், ஆனால் எதை வைத்து அளப்பது என்று உங்கள் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. செத்தவர் கணக்குதான் அளவு என்றால் விவாதமே வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் ரஷ்ய முனை என்று சொல்லிவிட்டு, தே தாரேக்கைக் குடித்து முடித்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் சிப்பாய் ஒரு தடவைதான் சாகிறான். தன்னோடு சேர்த்து எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தவரை அவன் பட்ட பாட்டைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குண்டும் கத்தியும் எல்லாப் போரிலும் உண்டு. அதனால் நான் வேறு மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். அவனுக்குச் சோறும் மருந்தும் போய்ச் சேர்ந்ததா? முறை வைத்து ஓய்வு கொடுத்தார்களா? இனி முடியாது என்றானபோது கைதூக்கிப் பிழைக்க வழி இருந்ததா?

பதுங்குகுழி நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் செத்தார்கள். காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லோரையும் சேர்த்தால் 57,470. ஒரே நாளில். இதைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. ஆனால் அதே பிரிட்டிஷ் படையில் சிப்பாய் மாதக்கணக்கில் முன்வரிசையிலேயே கிடக்கவில்லை. சில நாள் முன்வரிசை, சில நாள் அதற்குப் பின்னால், அப்புறம் இன்னும் பின்னால் ஓய்வு என்று சுற்று முறை இருந்தது. வெர்டன் போரில் பிரெஞ்சுத் தளபதி பெத்தேனும் படைகளை இப்படித்தான் மாற்றி மாற்றி அனுப்பினார். தேநீர் வந்தது, டின் இறைச்சி வந்தது, வாரத்துக்குச் சுமார் 1.2 கோடி கடிதங்கள் வந்தன. நரகம்தான், ஆனால் தபால்காரன் வந்து போன நரகம். அங்கே என் மனதை அதிகம் அறுப்பது வேறொன்று. ஓடிப்போனான், கோழைத்தனம் காட்டினான் போன்ற குற்றங்களுக்காகத் தன் சொந்தப் படையாலேயே சுடப்பட்ட 306 பேர். அவர்களில் பலருக்கு வெடிச்சத்தத்தில் புத்தி கலங்கிப் போயிருந்தது. 2006-ல்தான் பிரிட்டன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது.

அதே போரில், நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு மூலைக்கு வாருங்கள். இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் ஆற்றங்கரையில் கூட் அல் அமாரா என்று ஓர் ஊர். 1915 டிசம்பரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர்கள் அங்கே வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சாப்பாடு தீர்ந்ததும் குதிரைகளை அறுத்தார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் குதிரை இறைச்சியைத் தொட மறுத்தார்கள். சாப்பிடலாம், தோஷமில்லை என்று இந்தியாவிலிருந்து மதப் பெரியவர்களின் அனுமதியை வாங்கி வந்து படித்துக் காட்டியும் பலர் அசையவில்லை. ஊருக்குத் திரும்பினால் சாதிசனம் என்ன சொல்லும் என்ற பயம். ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயங்கள் மறுபடி வாய் திறந்தன. விமானத்திலிருந்து மாவு மூட்டை போட்டார்கள், அதில் கொஞ்சம் ஆற்றில் விழுந்தது. 147 நாள் கழித்து, 1916 ஏப்ரல் 29 அன்று, சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். டவுன்ஷெண்டை இஸ்தான்புல் பக்கத்தில் ஒரு தீவு வீட்டில் மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். சிப்பாய்களைப் பாலைவனத்தில் நடக்கவிட்டார்கள். பிடிபட்ட வெள்ளைக்காரச் சாதாரணச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தன் ஆட்கள் என்ன ஆனார்கள் என்று டவுன்ஷெண்ட் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஸ்டாலின்கிராட் நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஆனால் அவர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருப்பார். 1942 நவம்பரில் வளைக்கப்பட்ட ஜெர்மன் படைக்கு விமானத்தில் உணவு தருகிறேன் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். தினமும் 300 டன்னாவது வேண்டும். சராசரியாக அதில் பாதிகூட வரவில்லை. உடைத்துக்கொண்டு வெளியே வரவும் ஹிட்லர் விடவில்லை. கடைசியில் சரணடைந்தவர்கள் 91,000 பேர். வீடு திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000. மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தப் போர் முழுவதிலும் ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் சிப்பாய்கள் சுமார் 57 லட்சம். அவர்களில் 33 லட்சம் பேர் முள்வேலிக்குள்ளேயே செத்தார்கள், முக்கியமாகப் பட்டினியாலும் நோயாலும். பிழைத்து ஊருக்குப் போனவனிடம் "ஏன் பிடிபட்டாய்?" என்று விசாரணை வைத்தார்கள். என் மூன்றாவது கேள்விக்கு இதைவிட மோசமான பதில் கிடைப்பது அரிது.

அரிது என்றேன். இதற்கும் மேல் ஒன்றை வைப்பேன். அது தொடங்கிய இடம் நம் பெரிய ரோடு என்பது என் எண்ணம். உங்கள் நண்பர்கள் சிரித்தார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1942 ஜனவரி 7, விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். உங்கள் துரோலாக் பக்கம் ஜப்பானிய டாங்கிகள் ரோட்டோடு இறங்கி வந்தன. அங்கே நின்றவர்கள் பஞ்சாபியரும் ஸ்காட்லாந்துக்காரர்களும், அவர்களுக்குத் தெற்கே கூர்க்காக்களும். ஜப்பானியர் கரையிறங்கிய டிசம்பர் 8-லிருந்து அவர்கள் செய்த வேலை என்ன? பகலில் சண்டை, ராத்திரியில் பின்வாங்கல், போன இடத்தில் மறுபடி குழி தோண்டல். மாற்று ஆள் இல்லை. பலர் புதிதாகச் சேர்ந்த பொடியன்கள், வாழ்நாளில் டாங்கியையே பார்த்ததில்லை. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. ஆட்கள் களைத்து ஓய்ந்து போயிருந்தார்கள், காட்டின் அமைதியே அவர்கள் நரம்பைத் தின்றது என்று அங்கிருந்த ஒரு பட்டாளத்தின் தலைவர் பிறகு எழுதிவைத்தார். கித்தாக் காட்டுக்குள் ராத்திரியில் நின்று பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும்.

ரோட்டை நேராக்கியபோது விட்டுவிட்ட பழைய வளைவுகள் அங்கங்கே புதருக்குள் கிடந்தன. அவற்றை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. புது ரோட்டில் தடை வைத்திருந்த இடத்தில் டாங்கிகள் பழைய வளைவுக்குள் புகுந்து சிப்பாய்களின் முதுகுப் பக்கம் வந்து ஏறின. குளுனி தோட்டத்துப் பக்கம் ரோட்டில் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்த கூர்க்காக்களை டாங்கிகள் பின்னாலிருந்து வந்து அடித்தன. காலைப் பசியாறும் நேரம் தாண்டுவதற்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில். இரண்டு பிரிகேட்கள் இல்லாமல் போயின. காட்டுக்குள் சிதறியவர்களில் சிலர் வாரக்கணக்கில் அலைந்து, மலேரியாவில் விழுந்து, அங்கேயே முடிந்தார்கள்.

சரி, ஜெயித்தவன் என்ன பாடம் கற்றான்? ஜப்பானியப் படை கொஞ்சம் அரிசியோடு, சைக்கிளில் வந்தது. மீதிச் சாப்பாடு, பெட்ரோல், லாரி எல்லாம் ஓடுகிறவன் விட்டுப்போன கிடங்கிலிருந்து கிடைத்தது. 'சர்ச்சில் சப்ளை' என்று கிண்டலாகப் பெயரே வைத்தார்கள். ஜப்பானின் 18-வது டிவிஷனை அப்போது நடத்தியவர் முதாகுச்சி என்ற ஜெனரல். இரண்டு வருஷம் கழித்து, 1944 மார்ச்சில், பர்மாவிலிருந்து இந்தியாவின் மணிப்பூருக்குள் புகுந்த இம்பால் படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

மூன்று வாரச் சாப்பாட்டோடு மலை தாண்டச் சொன்னார். அதற்குள் பிரிட்டிஷ் கிடங்குகள் கையில் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. போகும் வழியில் அறுத்துத் தின்ன மாட்டுமந்தையை ஓட்டிப் போகச் சொன்னார். சிண்ட்வின் ஆற்றைக் கடக்கும்போதே நிறைய மாடுகள் வெள்ளத்தோடு போயின, மீதி மலைச்சரிவுகளில் விழுந்து செத்தன. பிரிட்டிஷார் இந்தத் தடவை ஓடவில்லை. வளைக்கப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு விமானத்தில் சோறு வரவழைத்தார்கள். கொஹிமாவில் இருந்த ஜப்பானிய டிவிஷன் தலைவர் சாத்தோ, அரிசியும் தோட்டாவும் வரவில்லை என்று தந்திமேல் தந்தி அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பொறுப்பில் படையைத் திருப்பினார். அவரைப் பதவியிலிருந்து தூக்கி, மனநிலை சரியில்லாதவர் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படையில் எனக்குத் தெரிந்து புத்தி நேராக இருந்த மனிதர் அவர்தான்.

திரும்பும் வழியில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பேதி, மலேரியா, பெரிபெரி. நடக்க முடியாதவன் பாதையோரம் உட்கார்ந்தால் அதோடு சரி. அந்தப் பாதைக்கு ஜப்பானியச் சிப்பாய்களே எலும்புச் சாலை என்று பெயர் வைத்தார்கள். போன 85,000 பேரில் சுமார் 30,000 பேர் செத்தார்கள், குண்டைவிடப் பசியும் நோயும் கொன்றதுதான் அதிகம். சரணடையவும் முடியாது. கைதியாகும் அவமானத்தைவிடச் சாவதே மேல் என்று 1941-லேயே படைக்கு எழுத்தில் கட்டளை கொடுத்திருந்தார்கள். சோறு இல்லை, மாற்று ஆள் இல்லை, கைதூக்க வழியில்லை. பசிபிக் தீவுகளான குவாடல்கனாலிலும் நியூகினியிலும் இதே கதை. ஜப்பானியர் ஆதரவில் அமைந்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர மாட்டோம் என்று நின்ற இந்தியப் போர்க்கைதிகளிலும் ஒரு பகுதியை ஜப்பானியர் நியூகினிக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் மீண்டவர் மிகச் சிலர். அந்த ராணுவத்தில் சேர்ந்து இம்பாலுக்குப் போனவர்களுக்கும் அதே பட்டினிதான் காத்திருந்தது. சேர்ந்தவனும் சேராதவனும் ஒரே சமையற்கட்டை நம்பி இருந்தார்கள், அதில் அடுப்பே எரியவில்லை.

அதனால் என் ஓட்டு 1944-ன் இம்பால் பின்வாங்கலுக்கும் நியூகினிக்கும். ஜப்பான்காரன் காலம் என்றாலே மரவள்ளிக்கிழங்கும் அடியும் நினைவுக்கு வரும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தச் சிப்பாய்மேல் இரக்கம் வருவது கஷ்டம். வந்தாக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் போன இடத்தில் கிடைப்பதைத் தின்று பிழை என்ற அதே கொள்கைதான் நம் லயங்களில் அரிசியை இல்லாமலாக்கியது, பிறகு அவனையும் காட்டில் கொன்றது.

நீங்கள் சிப்பாய்களை மட்டும்தான் கேட்டீர்கள். இருந்தாலும் சயாம் ரயிலைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அதில் வேலை செய்த சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர் செத்தார். அவர்களோடு டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வைக்க அதிகாரிகள் இருந்தார்கள், செத்தவன் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. காலரா வந்தபோது கொட்டகை கொட்டகையாகப் போனார்கள். அவர்களுடைய சாவு விகிதம் கைதிகளுடையதைவிட மிக அதிகம். பட்டாளம் என்ற அமைப்பு, தோற்றுக் கைதியான பிறகும், மனிதனை எவ்வளவு காப்பாற்றுகிறது என்று இதில் தெரியும்.

வியட்நாம் நண்பரை மறக்கவில்லை. எந்தச் சிப்பாயைச் சொல்கிறார் என்று அவரிடம் கேளுங்கள். அமெரிக்கனுக்கு ஒரு வருஷத் தவணை. காயம்பட்டால் ஹெலிகாப்டர் வந்து தூக்கும். செத்தவர்கள் சுமார் 58,000. வடக்கிலிருந்து ஹோ சி மின் பாதையில் நடந்து வந்தவனுக்குத் தவணையே கிடையாது, போர் முடியும்வரை அல்லது அவன் முடியும்வரை. தங்கள் தரப்பில் 11 லட்சம் போராளிகள் செத்தார்கள் என்று வியட்நாம் அரசு 1995-ல் சொன்னது. இந்த இரண்டாமவனைச் சொல்கிறார் என்றால் நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சிலிம் ரிவரில் பார்ப்பதைவிடத் தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போங்கள். புக்கிட் லாருட் அடிவாரம், சிலிம் ரிவரிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம். மலாயாவின் பல சண்டைக்களங்களிலும் ஊர்களிலும் புதைத்துக் கிடந்தவர்களைப் போருக்குப் பிறகு எடுத்து வந்து அங்கே வைத்தார்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் 500-க்கு மேல் பெயர் தெரியாதவை. ரோட்டுக்கு ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் இந்தியரும் கூர்க்காக்களும். இரண்டு பக்கமும் நடங்கள், பெயர் இருக்கும் கற்களில் வயதைப் பாருங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, மதியத்துக்கு மேல் தைப்பிங் மழையை நம்ப முடியாது. வியட்நாம்காரரையும் ஏற்றிக்கொண்டு போங்கள், போக வர நாலு மணி நேரம் வாதாடலாம்.