சாரா மாறியை எங்கே தேடுவது?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் உளவியல் இளங்கலை படிக்கிறேன். தேர்வில் ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, அதன் சாரா மாறி (ஆய்வாளர் மாற்றுவது), சார்ந்த மாறி (அதன் விளைவாக அளக்கப்படுவது), ஆய்வு வடிவமைப்பு ஆகியவற்றைக் கேட்கிறார்கள். வரையறைகள் மனப்பாடமாக இருந்தும் தவறிவிடுகிறேன். கார் விபத்துத் திரைப்படத் துண்டுகளைக் காட்டி உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் நடத்திய ஆய்வில் 'காரின் வேகம்' சாரா மாறி என்று எழுதி மதிப்பெண் இழந்தேன். எங்கே பிழை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆய்வைக் கதைபோல வாசிக்கும்போது அதில் பெரிதாகத் தெரிவதையே மாறி என்று எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது. விபத்தும் வேகமும் கண்முன் நிற்பதால், ஆய்வாளர் உண்மையில் மாற்றிய சிறிய பொருள் மறைந்துவிடுகிறது. எனவே வரையறையை நினைவுகூர்வதற்கு முன், ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே ஆய்வாளர் தம் கையால் எதை வேறுபடுத்தினார் என்று கேளுங்கள்.

1974இல் வெளிவந்த அந்த ஆய்வின் முதற்பகுதியில் 45 மாணவர்கள் பங்கேற்றனர். அனைவருக்கும் அதே 7 விபத்துத் திரைப்படத் துண்டுகளே காட்டப்பட்டன. ஆகவே கார்களின் உண்மையான வேகம் குழுவுக்குக் குழு மாறவே இல்லை. குழுக்களுக்கிடையே மாறாத ஒன்று, அவற்றை ஒப்பிடும் ஆய்வில் சாரா மாறியாக இருக்க முடியாது. மாறியது கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் மட்டுமே. கார்கள் 'நொறுங்க மோதியபோது' எவ்வளவு வேகத்தில் சென்றன என்று ஒரு குழுவிடமும், 'தொட்டுக்கொண்டபோது' எவ்வளவு வேகத்தில் சென்றன என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள்; இவ்வாறு ஐந்து குழுக்களுக்கு ஐந்து சொற்கள். அந்த வினைச்சொல்லே சாரா மாறி. ஐந்து சொற்கள் என்பதால் ஐந்து மாறிகள் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே மாறிக்கு ஐந்து நிலைகள் என்பதே சரி.

பங்கேற்றவர்கள் மதிப்பிட்டுச் சொன்ன வேகம் சார்ந்த மாறி. முதற்சொல்லைக் கேட்டவர்களின் சராசரி மணிக்குச் சுமார் 40 மைல். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டவர்களுடையது சுமார் 32 மைல். 'வேகம்' என்ற உங்கள் விடை, 'மதிப்பிடப்பட்ட வேகம்' என்ற உருவில், சார்ந்த மாறியின் இடத்தில் எழுதப்பட்டிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மட்டுமே கேட்டதால், இது தனித்தனிக் குழுக்களைக் கொண்ட பரிசோதனை வடிவமைப்பு. ஒருவரிடமே ஐந்து சொற்களையும் மாற்றி மாற்றிக் கேட்டிருந்தால், ஆய்வின் நோக்கத்தை அவர் ஊகித்திருப்பார்.

ஆனால் சொல் நினைவையே மாற்றியதா, பதிலை மட்டும் ஒரு பக்கம் சாய்த்ததா என்பது இதனால் விளங்கவில்லை. அதற்காகவே இரண்டாம் பகுதி நடந்தது. 150 பேர், ஐம்பது ஐம்பதாக மூன்று குழுக்கள். ஒரு குழுவிடம் 'நொறுங்க மோதியபோது' என்றும், இன்னொன்றிடம் 'இடித்தபோது' என்றும் வேகத்தைக் கேட்டார்கள்; மூன்றாவதிடம் வேகம் பற்றிய கேள்வியே கேட்கப்படவில்லை. அதுதான் கட்டுப்பாட்டுக் குழு. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'நொறுங்க மோதிய' குழுவில் 16 பேரும், 'இடித்த' குழுவில் 7 பேரும், கட்டுப்பாட்டுக் குழுவில் 6 பேரும் 'ஆம்' என்றனர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இங்கே சார்ந்த மாறி 'ஆம்', 'இல்லை' என்ற விடை. ஆகவே சராசரிக்குப் பதில் எண்ணிக்கையை ஒப்பிடுகிறோம்.

கேள்வி: லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்ததும் பரிசோதனையா? அதிலும் இரண்டு குழுக்கள் உள்ளனவே?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: குழுக்கள் இருப்பதால் மட்டும் ஓர் ஆய்வு பரிசோதனை ஆகிவிடாது. எலினார் மக்வையரும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட அந்த ஆய்வில், 16 ஓட்டுநர்களின் மூளைப் படங்கள் டாக்சி ஓட்டாத 50 பேருடையவற்றுடன் ஒப்பிடப்பட்டன. ஓட்டுநர்களுக்கு, இடவறிவோடு தொடர்புடைய மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. ஆனால் யார் டாக்சி ஓட்ட வேண்டும் என்று ஆய்வாளர் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கவில்லை. அவர்கள் முன்னரே ஓட்டுநர்களாக இருந்தார்கள். எனவே 'தொழில்' என்பதைச் சாரா மாறியின் இடத்தில் எழுதலாம் என்றாலும், வடிவமைப்பை அரைப்பரிசோதனை (குழுக்களை ஆய்வாளர் தாமே பிரிக்காத ஆய்வு) என்றே குறிக்க வேண்டும். ஓட்டிய ஆண்டுகள் கூடக் கூட வலப்பக்கப் பின்பகுதியின் அளவும் கூடியிருந்தது என்ற முடிவோ ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதைக் காட்டும்) வகையைச் சேர்ந்தது. ஒரே ஆய்வில் இரண்டு வடிவமைப்புகள் இருப்பதைத் தேர்வில் பலர் தவறவிடுகிறார்கள்.

பிறவியிலேயே அப்பகுதி பெரிதாக இருந்தவர்கள்தாம் இத்தொழிலுக்கு வந்தார்களோ என்ற ஐயத்தை அந்த ஒருமுறைப் படத்தால் தீர்க்க முடியாது. அதனால் 2011இல் வெளிவந்த ஆய்வில், டாக்சி உரிமத்துக்காக லண்டன் தெருக்களைக் கற்கத் தொடங்கிய 79 பேரைப் பயிற்சிக்கு முன்னும், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தவர்களைப் பின்னும் படமெடுத்தார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டுமே அப்பகுதியில் வளர்ச்சி தென்பட்டது. இது நெடுங்கால ஆய்வு. எது முன், எது பின் என்பதை இது காட்டுவதால் முந்தையதைவிட வலுவானது. ஆயினும் தேர்ச்சி பெறுவோரை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால், உங்கள் விடைத்தாளில் இதையும் அரைப்பரிசோதனை என்றே எழுதுங்கள்.