மடக்குக் கத்தி சேர்ப்பது குற்றமா? அலகை விடப் பிடியைக் கவனியுங்கள்

கேள்வி: நான் மதுரையில் பள்ளி ஆசிரியர். 20 வருடமாகச் சின்னச் சின்ன மடக்குக் கத்திகளையும் பேனாக்கத்திகளையும் சேர்த்து வருகிறேன். 43 இருக்கின்றன. போன வாரம் இரவு வாகனச் சோதனையில், பையில் இருந்த ஓப்பினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தியையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பேனாக்கத்தி ஒன்றையும் போலீசார் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு எதுவும் இல்லை என்றார்கள், ரசீதும் தரவில்லை. வீட்டில் இருப்பவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டுமா? அந்த இரண்டும் திரும்பக் கிடைக்குமா? இரண்டு மாதத்துக்கு முன் அப்பா காலமானார். அவர் பெட்டியில் யானைத் தந்தப் பிடி போட்ட பேனாக்கத்தி ஒன்று இருந்தது. அதை இணையத்தில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் வேறு கத்தி வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தத் தந்தப் பிடிக் கத்தியை விற்காதீர்கள். படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். நண்பருக்குப் பரிசாகவும் கொடுக்காதீர்கள்.

யானை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. தந்தத்தில் செய்த பொருளை வைத்திருப்பதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளர் தரும் உரிமைச் சான்றிதழ் தேவை. சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. இரண்டு அங்குலக் கத்திக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். பொருளின் அளவைச் சட்டம் பார்ப்பதில்லை.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 40ஆம் பிரிவில் 2002 திருத்தம் வாரிசு உரிமையாக வருவதற்கு மட்டும் விலக்கு வைத்தது. அப்படி வந்ததை 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியானால் மிஞ்சி இருப்பது ஒரு மாதம்கூட இல்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய காகிதம் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அறிவிப்பை அவர் வழியாகவே கொடுங்கள். 2003இல் இப்படிப்பட்ட பொருள்களை அறிவிக்க அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது அப்பா மனுக் கொடுத்திருந்தாரா என்று அவருடைய கோப்புகளில் தேடுங்கள். அவரிடம் சான்றிதழ் இல்லை என்றால் வனத்துறை கேள்வி கேட்கத்தான் செய்யும். அதற்காகத்தான் தனியாகப் போக வேண்டாம் என்கிறேன்.

அது தந்தமே இல்லாமலும் இருக்கலாம். பழைய பேனாக்கத்திகளில் மாட்டெலும்பும் தந்தம் போலச் செய்த செல்லுலாய்டும் நிறையவே உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் சின்னச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். செல்லுலாய்டில் இணைகோடுகள் நேராக ஓடும். தந்தத்தின் குறுக்குவெட்டில்தான் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். ஆனால் நீங்கள் பார்த்தது சாட்சியம் ஆகாது. சந்தேகம் இருந்தாலும் மனுவில் அப்படியே எழுதி, பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

மற்றக் கத்திகளின் பிடிகளையும் இதே கண்ணோடு ஒருமுறை பாருங்கள். மான்கொம்புப் பிடி ஏதாவது இருக்கிறதா? கடமான், புள்ளிமான் கொம்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வருபவைதான். தானாக உதிர்ந்த கொம்பு என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம். மரம், எருமைக்கொம்பு, பித்தளை என்று அழகான பிடிகளுக்குப் பஞ்சமே இல்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆயுதச் சட்டம் 1959, தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த பொருளைத்தான் ஆயுதம் என்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே வடிவமைத்தவற்றை அது வெளியே வைக்கிறது. விதிகளின் அட்டவணையில் கத்திகளுக்குச் சொல்லியிருக்கும் அளவு, 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு. உங்கள் ஓப்பினெல் 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர். 9 அங்குலம் என்பது 22.86 சென்டிமீட்டர். பாதிகூட வரவில்லை.

அந்தக் கத்தியின் பிறப்பே உங்களுக்குச் சாதகம். 1890இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் செய்தது. விவசாயிகள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டச் சட்டைப்பையில் வைத்திருந்த கத்தி அது. பேனாக்கத்தியோ பெயரிலேயே தன் வேலையைச் சொல்கிறது, இறகுப் பேனாவைச் சீவப் பிறந்தது. ராம்பூரி போன்ற நீளமான மடக்குக் கத்திக்கு இந்த வாதம் எடுபடாது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் தனியாகக் கேளுங்கள்.

துப்பாக்கி அல்லாத ஆயுதத்தை வைத்திருக்க உரிமம் தேவை என்றால், ஆயுதச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் அந்தப் பகுதிக்கு அரசின் அறிவிக்கை இருக்க வேண்டும். அந்த வகை ஆயுதமும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும். யாராவது வழக்கு என்று பேசினால், எந்த அறிவிக்கை, எந்தத் தேதி என்று மரியாதையாகக் கேளுங்கள். டெல்லி விஷயம் வேறு. பொத்தானிலோ ஸ்பிரிங்கிலோ வேறு இயந்திர அமைப்பிலோ திறக்கும், 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் உள்ள கத்திகளைப் பற்றி அங்கே 1980இலேயே அறிவிக்கை வந்துவிட்டது. டெல்லிக்குப் போனால் சேகரிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சரி, எடுத்துக்கொண்டு போன இரண்டு கத்திகள். சந்தேகத்தின் பேரில் பொருளைக் கைப்பற்ற போலீசாருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி உடனே நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தெரிவிக்க வேண்டும். 105ஆம் பிரிவின்படி கைப்பற்றுவதை வீடியோ எடுத்து, பட்டியல் போட்டு, சாட்சிகளின் கையெழுத்தும் வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கிக்கொண்டு போவது முறையான கைப்பற்றுதல் ஆகாது. முதலில் அந்தக் காவல் நிலைய ஆய்வாளருக்குச் சண்டை தொனி இல்லாமல் ஒரு பக்க மனு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், இரண்டு கத்திகளின் அலகு அளவு, வாங்கிய பில்லின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் 503ஆம் பிரிவின் கீழ் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். கைப்பற்றிய பொருள்கள் காவல் நிலையத்தில் 15 நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லியிருக்கிறது.

மனு எழுதும்போதே ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம்: அலகின் நீளம், அகலம், பிடி எதில் ஆனது, எங்கே வாங்கியது, பில், ஒரு படம். சேகரிப்பாளர் என்று வாயால் சொல்வதை விட 20 வருடச் சேகரிப்பின் பக்கங்களைப் புரட்டிக் காட்டுவது நடுவரிடம் அதிகம் பேசும். கத்தியை எங்காவது கொண்டுபோக வேண்டி வந்தால் மடக்கி, பெட்டியில் போட்டு, பைக்கு அடியில் பில்லோடு வையுங்கள், சட்டைப்பையில் வேண்டாம். திருவிழாக் கூட்டத்துக்கும் விமானத்தின் கைப்பைக்கும் கொண்டுபோகவே வேண்டாம். மனுப் போட நீதிமன்றம் போகும் அன்றும் நோட்டுப் புத்தகம் மட்டும் போதும், மாதிரி காட்டலாம் என்று இன்னொரு கத்தியைப் பையில் எடுத்துப் போய்விடாதீர்கள்.