கணினியில் தமிழ், இணையத்தில் கிறுக்கல்: ஒரு வரி விடுபட்டிருக்கிறது

நீங்கள் கையால் எழுதிய எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) பக்கத்தில் தமிழ் உங்கள் கணினியில் சரியாகத் தெரிகிறது, இணையத்தில் ஏற்றியதும் கிறுக்கலாகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோப்பில் ஹெட் குறியைத் திறந்ததும் முதல் வரியாக, டைட்டிலுக்கும் முன்னால், ஒரு மெட்டா குறியைச் சேருங்கள். அதில் சார்செட் என்ற பண்புக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுங்கள்; அது எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை, அதாவது குறியாக்கம். கோப்பை மறுபடி இணையத்தில் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று வரிசையாக வருவதாக எழுதியிருந்தீர்கள். அதுதான் துப்பு. யூடிஎஃப்-8இல் 'அ' என்ற ஓர் எழுத்துக்கு 3 பைட்டுகள். குறியாக்கம் எதுவென்று சொல்லாவிட்டால் பிரவுசர் அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக வாசித்துவிடுகிறது. உங்கள் கணினியில் இருந்த கோப்பை மட்டும் குரோம் தானாகவே சரியாக ஊகித்துக்கொண்டது; இணையத்திலிருந்து வரும் பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்படியும் மாறவில்லையா? எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். கன்டென்ட்-டைப் என்பது, பக்கத்தை அனுப்பும் கணினியான சர்வர் அதன் வகையையும் குறியாக்கத்தையும் சொல்லும் வரி. உங்கள் பக்கத்தின் அந்த வரியில் வேறு குறியாக்கம் இருந்தால் சர்வர் சொல்வதே செல்லும். மெட்டா குறி எடுபடாது. அங்கே சர்வர் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் (குறியாக்கம்) என்ற இடத்தில் ஆன்சி என்ற பழைய முறை இருக்கவே கூடாது. இருந்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே கோப்பில் பதிந்துவிடும். பிறகு எந்தக் குறியாலும் மீட்க முடியாது, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். ஆகவே எதையும் திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்புருவை (ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க அமைப்பை) நாடாமல் கையால் எழுதிப் பழகுகிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.