இந்தோனேசியால சுண்டா மக்கள் வாழுற விவசாய கிராமத்துல யாராவது தங்கியிருக்கீங்களா? அங்க விவசாயம் எப்படி நடக்குது?

தங்கியிருக்கேன். நான் மேற்கு ஜாவால புர்வகார்த்தா பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல 5 வருஷம் வேலை பாத்தேன், அப்ப மூணு தடவை போனது சிப்தாகெலார்னு ஒரு மலை கிராமம். சுகபூமி மாவட்டம், சிசோலோக் வட்டம், ஹாலிமுன் மலைக்குள்ள சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்துல இருக்கு. மூணு தடவைல ஒரு தடவை 2016 ஏப்ரல் கடைசில அறுவடை சமயத்துல 9 நாள் இருந்தேன், இந்த பதில் முக்கியமா அந்த 9 நாளப் பத்திதான்.

என்னைக் கூட்டிட்டுப் போனது மில்லுல என் ஷிஃப்ட்ல இருந்த ஒருத்தர். அங்க வயசுல மூத்த ஆம்பளைய அக்காங்னு கூப்பிடுவாங்க, நம்ம அண்ணன் மாதிரி, அதனால நானும் அக்காங்னே கூப்பிட்டேன், இங்கயும் அப்படியே சொல்றேன். அவர் வருஷா வருஷம் அறுவடைக்கு லீவ் போட்டுட்டு ஊருக்குப் போயிடுவார், ரம்ஜானுக்கு லீவ் கிடைக்காட்டி கூட பொறுத்துக்குவார் ஆனா அறுவடைக்கு கண்டிப்பா போவார். ஒரு தடவை நான் "நெல்லு விலை என்ன போகுது அங்க"ன்னு சாதாரணமா கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "நாங்க நெல்லு விக்க மாட்டோம்"னார். சரி வீட்டுக்கு வச்சது போக மீதிய விப்பீங்கல்லன்னேன். "மீதியும் விக்க மாட்டோம், அரிசியாவும் விக்கக் கூடாது, எங்க முன்னோர் காலத்துல இருந்தே தடை"ன்னார். எனக்கு அது மண்டைல ஏறவே இல்ல. நான் கும்பகோணம் பக்கம் விவசாயக் குடும்பம், எங்க அப்பா அறுவடை முடிஞ்ச கையோட ஈர நெல்லைக் கூட கிடைச்ச விலைக்கு வித்து கடனைக் கட்டிட்டு, ஆடி மாசம் அதே ஊர்ல கடைல மூட்டை அரிசி வாங்குவார். விக்காத நெல்லுன்னா என்னன்னு பாக்கணும்னுதான் கிளம்பினேன்.

பெலாபுஹான் ராத்துங்கற கடற்கரை ஊர் வரைக்கும் நல்ல ரோடு, அதுக்கப்புறம் சிசோலோக் தாண்டி மலை ஏறுனா கல்லும் சேறும்தான், பைக் டாக்ஸிக்காரப் பசங்க டயர்ல செயின் சுத்தி ஓட்டுறாங்க. ஹாலிமுன்னாலே சுண்டா பாஷைல பனிமூட்டம்னு அர்த்தம், மதியம் மூணு மணிக்கே எதிர்ல வர்ற ஆள் தெரியாது. அது திடீர்னு விலகும்போது மலை பூரா படிப்படியா வயல், நடுவுல கருப்புக் கூரை போட்ட வீடுங்க. கூரை எல்லாம் பனை மாதிரி ஒரு மரத்தோட கருப்பு நார், சுவர் மூங்கில் தட்டி, தரைல இருந்து தூக்கிக் கட்டுன வீடு. ஓடு போட மாட்டாங்க. ஓடு மண்ணுல செஞ்சது, மண்ணுக்குக் கீழ இருக்கறது செத்தவங்கதான், உயிரோட இருக்கறவன் மண்ணுக்குக் கீழ எப்படிப் படுப்பான்னு அக்காங்கோட அப்பா என்கிட்டயே திருப்பிக் கேட்டார்.

அறுவடைய சொல்றேன். நம்ம ஊர்ல கருக்கருவாள் வச்சு அடியோட அறுப்போம்ல, அங்க எத்தெம்னு ஒரு சின்ன கத்தி, உள்ளங்கைல அடங்கிடும், விரலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கதிரா காம்போட சேத்து அறுக்கறாங்க. ஒரு ஏக்கருக்கு எவ்ளோ கதிர் யோசிச்சுப் பாருங்க. மெஷினும் கிடையாது அருவாளும் கிடையாது. காரணம் என்னன்னா நெல்லு அவங்களுக்கு தெய்வம், ஞி பொஹாச்சி சங்ஹ்யாங் அஸ்ரின்னு பேரு, ஜாவா பக்கம் தேவி ஸ்ரீன்னு சொல்லுவாங்க, நம்ம ஸ்ரீதேவி, லட்சுமிதான் அங்க போய் நெல்லா ஆயிட்டா. பெரிய கத்தியக் காட்டினா அவ பயந்துடுவாளாம், அதனால கைக்குள்ள மறைச்சு வச்சு அறுக்கணும். நானும் அறுத்தேன், முதுகு விட்டுப் போச்சு, அரை நாள்ல நான் கட்டுன கட்டு அக்காங்கோட அம்மா ஒரு மணி நேரத்துல கட்டுறதுல பாதி இருக்கும். அவங்கள எமான்னு கூப்பிடணும். எமா கதிரை அறுக்கும்போது வாய்க்குள்ள ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க. பறிக்கறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும்னு அவங்க பாஷைல ஒரு சொல்லே இருக்கு, அதத்தான் செய்றாங்கன்னு அக்காங் சொன்னார்.

கட்டுக் கட்டா கட்டுன கதிரை களத்துல அடிக்கறது கிடையாது. உயரமா மூங்கில் சட்டம் கட்டியிருப்பாங்க, லந்தாயான்னு பேரு, அதுல துணி காயப் போடுற மாதிரி கட்டுங்கள வரிசையா மாட்டி வாரக்கணக்குல காய விடுவாங்க. மலைச்சரிவு முழுக்க தங்கக் கலர்ல மதில் எழுப்புன மாதிரி இருக்கும். காஞ்சதும் தோள்ல மூங்கில் கட்டி ரெண்டு பக்கமும் கட்டைத் தொங்கவிட்டு வரிசையா நடப்பாங்க, அந்த மூங்கில்ல கயிறு உரசி தவளை கத்துற மாதிரி ஒரு சத்தம் வரும், பத்துப் பதினஞ்சு பேர் ஒரே தாளத்துல நடக்கும்போது அந்தச் சத்தம் மலைக்கு மலை கேக்கும். அதுக்கு ரெங்கோங்னு பேரு. நெல்லு வீட்டுக்கு வருதுன்னு ஊருக்கே தெரியணுமாம்.

கொண்டு போய் வைக்கறது லெயிட்ல. நம்ம பத்தாயம், குதிர் மாதிரிதான், ஆனா வீட்டுக்குள்ள இல்லாம தனியா கால் மேல நிக்கற குட்டி வீடு, கூரைக்குக் கீழ ஒரு சின்னக் கதவு, ஏணி வச்சு ஏறிதான் உள்ள வைக்கணும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு இருக்கு. கதிரோட காம்போட வைக்கறதால பல வருஷம் கெடாது, எமா அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி வச்ச கட்டு இன்னும் உள்ள இருக்குன்னு சொன்னாங்க. இது போக ஊர்ப் பொது லெயிட் ஒண்ணு இருக்கு, சி ஜிமாத்னு பேரு. ஒவ்வொரு அறுவடைலயும் ஒவ்வொரு வீடும் அதுக்குப் பங்கு குடுக்கும், யாருக்காவது நெல்லு பத்தலன்னா அதுல இருந்து கடனா வாங்கிக்கலாம், அடுத்த அறுவடைல வாங்குன அளவு திருப்பி வச்சா போதும். வட்டி கிடையாது. நான் அந்த லெயிட் முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன், எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு, அவருக்கு வட்டி கட்டாத வருஷம்னு ஒண்ணு இருந்ததே இல்ல.

வருஷத்துக்கு ஒரே போகம்தான். தண்ணி வருஷம் முழுக்க ஓடுது, ரெண்டு போகம் தாராளமா எடுக்கலாம், எடுக்க மாட்டாங்க. பூமி அம்மா, எந்த அம்மாவாவது வருஷத்துக்கு ரெண்டு தடவை பிரசவிப்பாளான்னு கேக்கறாங்க. சரி நம்பிக்கைன்னு விட்டுடலாம்னு நினைச்சேன். ஆனா ஒரு ராத்திரி அக்காங்கோட அப்பா என்னை வெளிய கூப்பிட்டு மேற்க மலை மேல இறங்கிட்டு இருந்த நட்சத்திரத்தக் காமிச்சார், மூணு மீன் ஒரே வரிசைல இருக்குமே அது. "கிடாங்"னார். கிடாங்னா மான். "இது கண்ணுல இருந்து மறையறதுக்குள்ள நெல்லு லெயிட்டுக்குப் போற வழில இருக்கணும், இல்லன்னா பூச்சி இறங்கிடும்." அதுக்கு ஒரு பழமொழி சொன்னார், 'திலெம் கிடாங், துருன் குங்காங்'. கிடாங் மூழ்கினா குங்காங் இறங்கும். குங்காங்னா நம்ம ஊர் கதிர்நாவாய்ப் பூச்சிதான், பால் பிடிக்கற கதிரை உறிஞ்சி பதராக்குமே, அந்த நாத்தம் பிடிச்ச பூச்சி.

வேலை ஆரம்பிக்கறதுக்கும் நட்சத்திரம்தான். ஜூன்ல விடியறதுக்கு முன்னாடி கிழக்க கெர்த்தி தெரியும், அது தெரிஞ்சா இரும்புக்குப் போ, அதாவது மண்வெட்டி கத்தி எல்லாம் எடுத்துத் தீட்டு. அடுத்து கிடாங் தெரியும், அப்ப கத்திய வயல்ல இறக்கு. 'தங்கல் கெர்த்தி கானா பெயுசி, தங்கல் கிடாங் துருன் குஜாங்.' இதக் கேட்டப்ப எனக்கு சிலிர்த்துப் போச்சு, ஏன்னா கெர்த்தின்னா வேற எதுவும் இல்ல, நம்ம கார்த்திகை. அதே ஆறு மீன், அதே பேரு. கிடாங் மான்னா நமக்கு அதே இடத்துல இருக்கறது மிருகசீரிடம், அதுவும் மான் தலை. கடல் தாண்டி இவ்ளோ தூரத்துல அந்த நட்சத்திரத்தப் பாத்து இன்னும் ஏர் பூட்டுறாங்க, எங்க வீட்ல அது கல்யாணப் பொருத்தத்துக்கு மட்டும்தான்.

இதுல விஞ்ஞானம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே நேரத்துல விதைச்சு ஒரே நேரத்துல அறுத்து, அப்புறம் மாசக்கணக்குல வயல்ல நெல்லே இல்லாம விட்டா பூச்சிக்கு சாப்பாடு ஏது, பெருகவே முடியாது. இதே ஜாவால கீழ சமவெளில என்ன ஆச்சுன்னு பாருங்க. ஐ.ஆர்.8ங்கற அதிக விளைச்சல் நெல்லு ரகம் நம்ம ஊருக்கு வந்த மாதிரி அங்கயும் 60கள் கடைசில வந்துச்சு (அதோட தாய் தகப்பன்ல ஒண்ணு இந்தோனேசியாவோட பேத்தாங்கற ரகம்தான்). வருஷத்துக்கு ரெண்டு மூணு போகம், அரசாங்கமே மானியத்துல பூச்சி மருந்து குடுத்துச்சு, 70கள்ல புகையான்னு பயிரோட சாறை உறிஞ்சுற பூச்சி வந்து லட்சக்கணக்கான ஏக்கர்ல நெல்லு கருகிப் போச்சு. மருந்து அடிக்க அடிக்க புகையானத் தின்னுற சிலந்தி எல்லாம் செத்து இன்னும் கூடுச்சு. 1984ல அரிசில தன்னிறைவு அடைஞ்சாங்க, அடைஞ்ச ரெண்டே வருஷத்துல மறுபடி புகையான், 1986ல அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கற 57 பூச்சி மருந்தத் தடை பண்ணி உத்தரவு போட்டார். மேல மலைல இவங்க அவங்க பழைய நீள வைக்கோல் ரகத்தோடயே இருந்தாங்க, நூறு ரகத்துக்கு மேல வச்சிருக்காங்க, குளிருக்கு ஒண்ணு, நிழலுக்கு ஒண்ணு, மேட்டு நிலத்துக்கு ஒண்ணுன்னு. அறுவடைல முதல்ல எடுத்து வைக்கறதே விதை நெல்லுதான்.

பழமையப் பிடிச்சுட்டுத் தொங்குறாங்கன்னு நினைச்சுடாதீங்க. ஓடைத் தண்ணில டர்பைன் ஓட்டி சொந்தமா கரண்ட் எடுக்கறாங்க, 2008ல இருந்து சிகா டிவின்னு சொந்த டிவி சேனலே இருக்கு, ஊர்ப் பசங்கதான் கேமரா பிடிக்கறாங்க. தலைவர் அபா உகி, அவரோட அப்பா 2007ல இறந்தப்ப சின்ன வயசுலயே பொறுப்புக்கு வந்தவர், எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம். ஆனா நெல்லுகிட்ட மட்டும் மெஷின் வரக் கூடாது. ரைஸ் மில் கிடையாது, உரல் உலக்கைல குத்தணும், அரிசி விறகு அடுப்புலதான் வேகணும். ஒரு நீளமான மரத்தொட்டில நாலஞ்சு பொம்பளைங்க நின்னு தாளம் போட்டு குத்துவாங்க, கேக்க அருமையா இருக்கும். ஆனா நான் மறைக்காம சொல்லணும், அந்த வேலை பூரா பொம்பளைங்க தலைலதான். எமாவோட உள்ளங்கைல காய்ப்பு காச்சுக் கிடந்தது, காலைல அஞ்சு மணிக்கு குளிர்ல அவங்க குத்துன அரிசியத்தான் நான் ஏழு மணிக்கு சாப்பிட்டேன். அது எனக்கு உறுத்தலாவே இருந்துச்சு, அக்காங்கிட்டயும் சொன்னேன், அவர் தங்கச்சியும் அதேதான் சொல்றான்னார்.

சாப்பாடு பத்தி கொஞ்சம். இமா கெடேன்னு தலைவரோட பெரிய வீடு, அங்க அடுப்பு அணையவே அணையாது, யார் போனாலும் சோறு, காசு கேக்க மாட்டாங்க. கூட லாலாப், அதாவது பச்சை இலை பச்சைக் காய், வேக வைக்காம சம்பல்ல, அதாவது மிளகாய்ச் சட்னில தொட்டு சாப்பிடுறது. தட்டுல பாத்தா மணத்தக்காளிக் காய் பச்சையா இருக்கு, வல்லாரைக் கீரை பச்சையா இருக்கு! நாம வத்தல் போட்டு குழம்பு வைக்கறத அவங்க அப்படியே கடிச்சு சாப்பிடுறாங்க. மொத நாள் கசந்துச்சு, நாலாவது நாள் நானே கேட்டு வாங்கினேன். கருவாடு, ஏதோ ஒரு தொக்கு, அந்த சோறு. சோறு லேசா ஒட்டும், ஒரு வாசனை இருக்கும், குழம்பே வேணாம்.

கஷ்டம் வேற எதுன்னா நிலம். அவங்க தலைமுறை தலைமுறையா இருந்த காடும் வயலும் இப்ப தேசியப் பூங்காவுக்குள்ள வருது, 1992ல ஹாலிமுன் பூங்கான்னு அறிவிச்சாங்க, 2003ல இன்னும் பெருசாக்கினாங்க. இவங்களே காட்டை மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க, ஒண்ணு யாரும் கால் வைக்கக் கூடாத காடு, முன்னோர் ஒப்படைச்சதுன்னு பேரு, ஒண்ணு இருப்பா வச்சிருக்கறது, மூணாவதுதான் விவசாயம் பண்றது. தண்ணி வத்தாம ஓடுதுன்னா அந்த மொத காட்டாலதான். அதக் காப்பாத்துனவங்களையே இங்க உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டா எப்படி இருக்கும்? 2013ல இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம், பாரம்பரிய சமூகங்களோட காடு அரசாங்கக் காடு இல்லன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அத அக்காங் ஃபோன்ல சேவ் பண்ணி வச்சு எனக்குக் காமிச்சார்.

நீங்க போறதா இருந்தா ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல செரென் தாவுன்னு அறுவடைத் திருவிழா வரும், கூட்டம் எக்கச்சக்கம். ஊரைப் பாக்கணும்னா ஏப்ரல்ல போங்க. ஸ்வெட்டர் வேணும். யாரையாவது தாண்டிப் போகும்போது 'பூந்தென்'னு சொல்லிட்டுப் போங்க, 'மங்கா'ன்னு பதில் வரும். அரிசி விலைக்குக் கேக்காதீங்க, பனைவெல்லம் மாதிரி இருக்கற குலா அரென் வாங்கலாம், அது விப்பாங்க.

நான் ஊருக்குத் திரும்பி வந்து இப்ப அப்பாவோட ரெண்டு ஏக்கர்ல ஒரு ஏக்கர வீட்டுக்குன்னு தனியா வச்சிருக்கேன், அதுல விளையறது விக்கறது இல்ல. போன ஜூன் கடைசில ஒரு நாள் நாலரை மணிக்கு மொட்டை மாடில கிழக்க கார்த்திகை தெரிஞ்சுது, மங்கலான ஃபோட்டோ ஒண்ணு எடுத்து அக்காங்குக்கு வாட்ஸப்ல அனுப்பிட்டு கெர்த்தி வந்துடுச்சுன்னு போட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பேச்சே இல்ல, கல்லுல மண்வெட்டி தீட்டுற சத்தம் மட்டும்.