சிற்றலை, மத்திய அலை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய எந்த கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்கலாம்?

மைக் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்து வாங்காதீர்கள். கடையில் முதலில் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் ரேடியோவிலிருந்து ஒயர் போட்டுப் பதிவு செய்யப்போகிற நமக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வேண்டியது லைன்-இன் ஜாக் (வேறு கருவியின் ஒலியை ஒயர் வழியாக வாங்கிக்கொள்ளும் துளை), ஒலி அளவை நாமே கையால் வைக்கும் வசதி, எல்லாவற்றுக்கும் மேலாக ரெக்கார்டரே ரேடியோவில் இரைச்சல் போடாமல் இருப்பது.

இந்தக் கடைசி விஷயம் பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. ரெக்கார்டருக்குள் இருப்பது ஒரு குட்டி கம்ப்யூட்டர், அதன் பிராசசர், திரை வெளிச்சம், மின்சார சர்க்யூட் எல்லாம் சேர்ந்து மத்திய அலையில் கொர்ரென்று கத்தும். பண்பலையில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வாங்கப் போனால் ஒரு பாக்கெட் ரேடியோவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்குள் எல்இடி விளக்குகள் போடும் இரைச்சலில் ஒன்றும் புரியாது, வாசலுக்கு வந்து, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ரெக்கார்டரில் பதிவைத் தொடங்கிவிட்டு ரேடியோவின் அருகே கொண்டுபோங்கள். ஒட்டி வைத்தால் எதுவுமே கத்தும். ஒரு சாண் விலக்கியதும் அடங்கிவிட்டால் எடுக்கலாம், இரண்டடி தள்ளியும் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பேட்டரி விஷயத்திலும் இதே கதைதான். சார்ஜரில் சொருகியபடி பதிவு செய்தால் ஹம் சத்தம் சேர்ந்தே பதியும், எனவே சாதாரண பென்சில் செல் போடுகிற மாடலே நல்லது. (கரண்ட் இல்லாவிட்டால் இரைச்சலும் இல்லை, அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கரண்டை நிறுத்தும் பகல்தான் சிற்றலைக்காரர்களுக்குத் திருவிழா, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் ஓடாமல் இருக்கவேண்டும்.)

மாடல் சொல்லுங்கள் என்றால், ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் இரண்டிலும் 3.5 மி.மீ. ஜாக்கில் லைன் கொடுக்கலாம், அளவையும் கையால் வைக்கலாம். ஜூமுக்கு இரண்டு ஏஏஏ செல், டாஸ்காமுக்கு இரண்டு ஏஏ. செல் பெரிசு, அதிக நேரம் தாங்கும் என்பதால் என் ஓட்டு டாஸ்காமுக்கு. மலிவான வாய்ஸ் ரெக்கார்டர்களில் பெரும்பாலும் மைக் ஜாக் மட்டும்தான் இருக்கும், அதில் ஹெட்போன் ஒலியை நேராகக் கொடுத்தால் கரகரவென்று உடைந்துவிடும். அதையே வைத்து ஓட்டவேண்டும் என்றால் கேபிளில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், ரெக்கார்டர் பக்கம் 100 ஓமைக் குறுக்காகவும் போட்டுச் சால்டர் செய்துவிடுங்கள், ஒலி நூறில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். டெக்சன் பிஎல்-880 மாதிரி ரேடியோவில் லைன்-இன்னுக்கு ஒலி கொடுக்கும் லைன்-அவுட் ஜாக் தனியாகவே இருக்கிறது.

தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். நிலையம் மங்கும்போதெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிவிடும், பிறகு போட்டுக் கேட்டால் எவ்வளவு மங்கியது என்றே சொல்லமுடியாது.

மத்திய அலையில் நிலையங்களுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ், சிற்றலையில் 5 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, உயர்ந்த சுரங்கள் அதில் வருவதே இல்லை. அதனால் 128 கேபிபிஎஸ் எம்பி3 தாராளம், மணிக்கு 58 எம்பிதான் ஆகும். மதுரை வானொலியின் 103.3 பண்பலையில் பாட்டுக் கச்சேரியோ அழகர் ஆற்றில் இறங்கும் வர்ணனையோ பத்திரப்படுத்துவதென்றால் மட்டும் ஒலியைச் சுருக்காமல் பதியும் வேவ் வைத்துக்கொள்ளுங்கள், அது மணிக்கு 635 எம்பி வரை தின்னும்.

அப்புறம், கியூஎஸ்எல் அட்டைக்கு (நாம் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் அட்டை) அறிக்கை அனுப்புகிற ஆளாக இருந்தால் ரெக்கார்டர் கடிகாரத்தை யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் வையுங்கள், அதாவது நம் நேரத்தில் ஐந்தரை மணி குறைத்து. இரவு 9 மணி என்றால் 15:30. அதிகாலை 4 மணிக்குக் கேட்டதற்கு முந்தின நாள் தேதி போட்டு 22:30 என்று எழுதவேண்டும், கோப்பிலேயே அப்படிப் பதிந்துவிட்டால் தேதி மாறிப்போகாது.